வியாழக்கிழமைகளில் சாகும் பேட்டரி

என் வீட்டுக்காரர் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பல் டாக்டரம்மாவுக்கு வண்டி ஓட்டுகிறார். அவர் அதிகம் பேசமாட்டார். பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் பாதியாக வரும். நான் அதற்கு நேர் எதிர். சட்டை தைக்கும் கம்பெனியில் கடைசி மேஜை என்னுடையது. தைத்து முடித்த சட்டையை விளக்கடியில் விரித்துப்போட்டு, எங்கே நூல் விட்டிருக்கிறது, எந்தக் காலர் கோணல் என்று பார்த்து ஒதுக்க வேண்டும். எட்டு மணி நேரம் குறை தேடிய கண் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருந்துவிடுமா? இருக்காது. முப்பது வருஷமாக அந்தக் கண்ணுக்குக் கீழேதான் அவர் குடித்தனம் நடத்துகிறார். அவர் பொறுமைசாலி என்று ஊரில் எல்லாரும் சொல்வதற்குக் காரணம் நான்தான்.

அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. வண்டிச் சாவி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. இதற்கு முன் ஒரு வியாபாரியிடம் ஓட்டிக்கொண்டிருந்தபோது சாவியைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் வண்டியின் முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. வியாபாரியின் மருமகன் இன்னொரு சாவியை எடுத்து ஓட்டி, எங்கேயோ இடித்து வைத்திருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. சாவி உன்னிடம்தானே இருந்தது என்று இவரை அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா வீட்டில் சேர்ந்த முதல் நாளே வண்டி நிற்கும் கொட்டகையின் சுவரில், டிரைவர் பக்கத்துக் கதவை ஒட்டினாற்போல, தன் கையாலேயே ஓர் ஆணி அடித்தார். வேலை முடிந்ததும் சாவியை அதில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு வருவார். கொட்டகை காம்பவுண்டுக்குள் இருக்கிறது, கேட்டை வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொள்வார்கள். யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது என்பது அவர் கணக்கு.

பழைய வண்டி ஓடி ஓடித் தேய்ந்துபோக, டாக்டரம்மாவின் மகன் ஒரு புது வண்டி வாங்கினார். மகனை வீட்டில் எல்லாரும் சின்னவர் என்பார்கள். வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பிவந்து, மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவர். புது வண்டியில் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருகுகிற வேலையே கிடையாது. சாவி என்பது கருப்பாக, தேய்ந்த சோப்புக்கட்டி அளவில் ஒரு சாமான். அது பையில் இருந்தால் போதும், பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை, அவர் எதைத்தான் சொன்னார்.

திங்களன்று வண்டி வந்தது, மூன்று நாள் ஓடியது. பிறகு ஒரு வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்குப் பொத்தானை அழுத்தினால் உள்ளே டிக் டிக் என்று மட்டும் கேட்டது. பேட்டரி செத்துவிட்டது. டாக்டரம்மா வாடகை வண்டி பிடித்துப் போனார். கிளினிக்கில் ஆறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்களாம். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பி, ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றினார்கள். புது வண்டிக்கும் இப்படி ஆகும் போல என்று அன்றைக்கு எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமையும் அப்படியே ஆனது. அதற்கடுத்த வியாழனும் ஆனது. வண்டி விற்ற கம்பெனிக்காரர்கள் அடுத்த திங்கட்கிழமை வந்து பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். புதுப் பேட்டரியும் மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டு நான்காம் வியாழன் காலையில் படுத்துக்கொண்டது.

சின்னவர் கம்ப்யூட்டர்காரர் அல்லவா, கட்டம் போட்டுக் கணக்கெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருக்கு விடுமுறை. அன்று சின்னவரே வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். திங்கள் காலை வண்டி ஒரு குறையும் இல்லாமல் கிளம்பும். செவ்வாயும் கிளம்பும். புதன்கிழமை சோம்பல் முறிக்கும். வியாழன் செத்துப்போகும். இதை இவரிடம் காட்டி, மரியாதையாகவே, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"நீங்க லீவுல இருக்கிற அன்னிக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?"

கேள்விக்குள் இருந்தது என்னவென்று இவருக்கும் தெரியும். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை கிளினிக் வாசலில் வண்டி நிற்கும். அந்த நேரத்தில் இவர் உள்ளே ஏறி, இருக்கையைச் சாய்த்து, ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார் என்பது சின்னவரின் முடிவு. இன்னொரு தடவை வண்டி நின்றால் வேறு ஆள் பார்த்துவிடலாம் என்று அவர் அம்மாவிடம் சொன்னது ஜன்னல் வழியே இவர் காதில் விழுந்திருக்கிறது. அதை எனக்கும் சொன்னார், செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. அறுபது வயதில் வேலை போனால் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதைவிட, தூங்கி வேலையை இழந்தவன் என்ற பேர் ஒட்டிக்கொண்டால் டிரைவர்கள் நிற்கிற எந்த மரத்தடியிலும் அவர் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

நான் சின்னவரைத் திட்டித் தீர்த்தேன். நன்றி கெட்டவன், நேற்று முளைத்தவன் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். இவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். சொல்லவேண்டிய உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கும் சந்தேகம் இருந்தது. இரண்டாவது வியாழக்கிழமையே வந்துவிட்டது.

காரணம் அவர் சட்டை. துவைக்க எடுத்தபோது முதுகில் குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கம். உட்கார்ந்து ஓட்டுகிறவர் சட்டையில் இடுப்புக்கு மேலே ஒரே ஒரு மடிப்புதான் விழும், அதை நான் இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். இது வேறு. புரண்டு படுத்தால்தான் இப்படிச் சுருங்கும். என் மேஜைக்கு வந்திருந்தால் அந்தச் சட்டையைத் தூக்கி அந்தப்பக்கம் போட்டிருப்பேன். சட்டையை முகர்ந்தும் பார்த்தேன். வண்டிக்குள் மாட்டியிருக்கும் வாசனை அட்டையின் மணம் அடித்தது. வீட்டில் எங்கள் மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கொடுக்கும். பாவம், குளிரில் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார் என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்ததால் அது சந்தேகம் இல்லாமல் போய்விடுமா?

அப்புறம் அவர் நடவடிக்கையே மாறியது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பார். விளக்கை அணைப்பார், படுப்பார், எழுந்து போய் சுவிட்சைத் தொட்டுப் பார்ப்பார். டாக்டரம்மா வீட்டிலிருந்து பாதி வழி வந்தவர் மறுபடி போய் கேட்டுக்கு வெளியே நின்று வண்டியின் விளக்குகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கேட்டால், ஒண்ணுமில்ல என்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி கிளினிக்குக்குப் போனேன். எதிர்ப்பக்க மருந்துக்கடை ஓரமாக நின்றேன், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று. வண்டி பூட்டிக் கிடந்தது. இவர் பத்தடி தள்ளி காம்பவுண்டுச் சுவர்மேல், வெயில் காலில் அடிக்க, கைகளை மடியில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் நின்றேன், அவர் அசையவில்லை. யாராக இருந்தாலும் அத்தோடு மனம் தெளிந்து திரும்பியிருப்பார்கள். எனக்கோ, இப்போதுதான் தூங்கி எழுந்து வெளியே வந்திருப்பாரோ என்று பட்டது. பிடித்த பிடியை விடாத புத்தி எனக்கு.

என் தம்பி பஸ் நிலையத்துக்குப் பின்னால் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறான். மீட்டர் என்ற பட்டப்பேரைச் சொன்னால்தான் அவனை எல்லாருக்கும் தெரியும். யார் என்ன சொன்னாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டான். அவனிடம் போனேன். அவனிடம் நான் சொன்னது இதுதான்: "வண்டியப் பாரு. வண்டியில ஒண்ணும் இல்லன்னா, மாமாவப் பாரு." அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு, சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னான்.

என் தம்பியை நான் அனுப்பிவைக்கிறேன் என்றதும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் தானே போய் அனுமதி வாங்கினார். சனிக்கிழமை நானும் போனேன். சின்னவர் கையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நின்றார், பரீட்சை அறையில் நிற்கிற வாத்தியார் மாதிரி.

தம்பி முதலில் பேட்டரியைச் சோதித்தான், நன்றாக இருந்தது. வண்டியைக் கிளப்பி, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தான், ஏறியது. அப்படியென்றால், நிற்கும்போது எதுவோ ரகசியமாகக் குடிக்கிறது என்றான். டிக்கிக்குள் இருக்கும் சின்ன விளக்கு மூடிய பிறகும் எரிந்துகொண்டே இருப்பது உண்டு, அதைப் பார்க்கவேண்டும் என்று டிக்கிப் பக்கம் போனான்.

"அது நான் பாத்துட்டேன் மாப்ள" என்றார் இவர். "உள்ள படுத்து, கிளினிக் வாட்ச்மேன மூடச் சொல்லிப் பாத்தேன். அணையுது. ரெண்டு மூணு தடவ பாத்தேன்."

அறுபது வயது மனுஷன், கிளினிக் வாசலில், டிக்கிக்குள் உடம்பைச் சுருட்டிப் படுத்து, இருட்டில் விளக்கு அணைகிறதா என்று பார்த்திருக்கிறார். என் கண்முன்னால் அந்தச் சட்டை விரிந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சின்னவர் மட்டும் உதட்டோரம் சிரித்தார், அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தம்பி பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தான். இனி அரைமணி நேரம் யாரும் வண்டியைத் தொடக்கூடாது, இந்த வண்டிகள் பூட்டியதும் உடனே தூங்காது, ஒவ்வொரு பாகமாகத்தான் கண் மூடும் என்றான். சாவியை என்னிடம் கொடுத்து கேட்டருகே போய் உட்காரச் சொன்னான். போய் உட்கார்ந்தேன். இவர் எனக்குப் பக்கத்தில் நின்றார். வண்டியில் ஒரு கோளாறு இருக்கவேண்டுமே என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. அடுத்தவர் பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அப்படி வேண்டியது அதுதான் முதல் தடவை.

தம்பி மீட்டரைப் பார்த்துவிட்டு எங்களிடம் நடந்துவந்தான். கடிகாரம், பூட்டு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து வண்டி மிகக் கொஞ்சமாகத்தான் எடுக்கிறதாம், மூன்று வாரம் அப்படியே நின்றாலும் பேட்டரி தாங்குமாம். குரலைத் தாழ்த்தி, "வண்டியில தப்பில்லக்கா" என்றான்.

அது சின்னவருக்கும் கேட்டுவிட்டது. அவர் வீட்டுக்குள் திரும்ப ஆரம்பித்தார். இவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டிக்கியில் படுத்த கதையும் என்னை ஏமாற்றச் சொன்னதோ என்றுகூட அந்த நிமிஷத்தில் தோன்றியது. சாவியை அவர் கையில் வைக்கவில்லை, திணித்தேன். அவர் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, இருபத்திரண்டு வருஷமாகச் செய்வதைச் செய்தார். கொட்டகைக்குள் போய் சாவியை ஆணியில் மாட்டினார்.

மீட்டரைக் கழற்றக் குனிந்த தம்பி அப்படியே நின்றான்.

"மாமா, கதவத் தொட்டீங்களா?"

"இல்லியே."

"வேற என்ன பண்ணீங்க?"

"சாவிய மாட்டுனேன். எப்பவும் மாட்டுறதுதான்."

தம்பி மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், சாவியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போங்கள் என்றான். இவர் போனார். கொஞ்ச நேரத்தில் மீட்டரில் ஏறியிருந்த எண் இறங்கியது. திரும்ப வந்து மாட்டச் சொன்னான். எண் எகிறி ஏறி, ஏறியது ஏறியபடியே நின்றது. ஐந்து தடவை இவரை நடக்கவிட்டான். ஐந்து தடவையும் அதேதான். மூன்றாவது நடைக்கே சின்னவர் திரும்பிவந்து மீட்டர் பக்கத்தில் குனிந்துகொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். அந்தச் சாவி பக்கத்தில் இருந்தால் வண்டி அதை மோப்பம் பிடித்து, முதலாளி வந்துவிட்டார், கதவைத் திறக்கப்போகிறார் என்று விழித்துக்கொள்கிறது. கைக்கெட்டும் தூரத்து ஆணியில் சாவி தொங்கினால் பொழுது விடிகிறவரை விழித்தே கிடக்கிறது. கிளினிக் பத்து நிமிஷத் தூரம், அந்த ஓட்டத்தில் இழந்ததெல்லாம் திரும்ப ஏறாது. மூன்று ராத்திரி இப்படிக் கண்விழித்தால் வியாழக்கிழமை விழுந்துவிடும். சனி, ஞாயிறு சின்னவர் சாவியை மாடியறைக்குக் கொண்டுபோய்விடுவார், ஞாயிறு நீண்ட ஓட்டமும் கிடைக்கும், அதனால் திங்கட்கிழமை வண்டி தெம்பாக இருக்கும். சின்னவர் போட்ட கட்டம் சரிதான், அதைப் படித்த விதம்தான் தப்பு.

வண்டியோடு கொடுத்த புத்தகம் உறை பிரிக்காமல் உள்ளேயே கிடந்தது. சின்னவர் இப்போதுதான் உறையைக் கிழித்துப் புரட்டினார். சாவியை வண்டிக்கு அருகில் வைக்கவேண்டாம் என்று அதில் அச்சடித்தே இருந்தது. படித்துவிட்டு, "சரி, இனிமே தள்ளி வெச்சிடுங்க" என்றார். அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாவியை ஏன் அங்கே மாட்டுகிறாய் என்று இவரிடம் கேட்டார்.

"யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதாம்மா" என்றார் இவர்.

"உன்ன நாங்க என்னப்பா சொல்லப்போறோம்" என்றார் டாக்டரம்மா. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும், மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியை ஆணியிலிருந்து தானே எடுத்து இவர் கையில் கொடுத்து, இனிமேல் இது உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். இவர் வேண்டாம் என்று தயங்கினார். டாக்டரம்மா அவர் விரல்களை மடக்கி மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தம்பி தன் வேனில் எங்களை இறக்கிவிட்டான். வழியெல்லாம் இவர் அவனோடு பேசிக்கொண்டே வந்தார், ஒரு வருஷத்துப் பேச்சு அன்றைக்கே தீர்ந்திருக்கும். தம்பி ஆமாம் போட்டுக்கொண்டே கண்ணாடியில் என்னை இரண்டு தடவை பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் முகம் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். அத்தனை வாரமாகக் காணாமல் போயிருந்த நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"எல்லாருமே ஒரு மாதிரிதான் பாத்தாங்க" என்றார். "வாட்ச்மேன்கூட. நீ ஒருத்திதான் நம்பின. நம்பித்தானே தம்பிய வரவெச்ச."

சும்மா இருந்திருக்கலாம். தம்பி காட்டிக்கொடுக்கமாட்டான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. நானும் நம்பவில்லை என்றேன். சட்டையைச் சொன்னேன், முகர்ந்து பார்த்ததைச் சொன்னேன், மருந்துக்கடை ஓரமாக நின்றதைச் சொன்னேன், தம்பியிடம் சொன்ன வார்த்தையை ஓரெழுத்து மாற்றாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முப்பது வருஷத்தில் அவருடைய மௌனத்துக்கு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார்.

"ரெண்டாவது வியாழக்கிழமைலேருந்து."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு மூணாவதுலேருந்து" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எம்மேல எனக்கு. லைட்ட அணைச்சனா, கதவ மூடினனா, ஒண்ணும் நெனவுக்கு வரல. வயசாயிடுச்சு, புத்தி மறக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சேன். அடுத்து உன் பேரும் மறந்துடுமோன்னு பயம். நீயாச்சும் நம்பிட்டிருக்கியேன்னுதான் உங்கிட்ட சொல்லல."

அவர் அடுப்பைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தது அதற்காக. நான் அதைக் கள்ளத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில், அவர் அந்தப் பயத்தோடு படுத்திருக்க, நான் இந்தச் சந்தேகத்தோடு படுத்திருந்திருக்கிறேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தலைமேல் வைத்தார்.

"விடு" என்றார். "ஒரு வாரந்தானே வித்தியாசம்."

அவருக்கு அது ஒரு வாரம்தான். அவரே தன்னை விட்டுவிடாமல் இருந்த அந்த ஏழு நாளில் நான் அவரை விட்டுவிட்டேன் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.